ஜீப்புக்கு ஒரு வாய்தா

போடி கோர்ட்டில் கறுப்பு கவுனை மாட்டிக்கொண்டு முதல் வருடம் நான் செய்த ஒரே தொழில், வாய்தா வாங்குவது. கல்லூரியில் மாதிரி நீதிமன்றமெல்லாம் வைத்து, கையை வீசி வாதாடக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். இங்கே கைக்கு வேலையே இல்லை. என் சீனியருக்குத் தேனியிலும் உத்தமபாளையத்திலும் ஒரே நேரத்தில் வழக்கு இருக்கும். போடியில் அவருடைய வழக்கைக் கூப்பிட்டதும் நான் எழுந்து, குனிந்து, "சீனியர் வேற கோர்ட்ல இருக்காங்கம்மா, வாய்தா வேணும்" என்பேன். நீதிபதி அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த தேதியைப் போடுவார்.

இதில் நான் புலியாகிவிட்டேன். வீட்டில் அம்மா தேங்காய் துருவச் சொன்னால்கூட அந்த வார்த்தைதான் முதலில் வாயில் வரும். "வாய்தா கேக்குறதுல இந்தப் பாப்பாவ அடிச்சுக்க ஆளில்ல" என்று சீனியர் எல்லோரிடமும் சொல்வார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். வேறு பாராட்டு எதுவும் வந்து சேரவில்லை.

அப்போதுதான் அந்த ஜீப் வழக்கு வந்தது. சிலமலையிலிருந்து மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போகிற அண்ணன் ஒருவர், முந்தல் ரோட்டில் ஒரு பைக்கை உரசிவிட்டார். பைக்கில் வந்தவருக்குக் கால் சுளுக்கோடு போயிற்று. ஜீப்புக்குத்தான் பெரிய அடி: போலீஸ் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டது. பறிப்பு மும்முரமான நேரம். திங்கள்கிழமை காலையில் வண்டி வரவில்லையென்றால் வேறு ஜீப்பைப் பேசிவிடுவேன் என்று எஸ்டேட் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வண்டியைத் திருப்பிக் கேட்கும் மனு விசாரணைக்கு வந்தது வெள்ளிக்கிழமை.

அன்று காலையில் தேனியிலிருந்து சீனியர் போன் செய்தார். "இங்க சாட்சி விசாரணை முடியாது போல. நீயே நில்லு. கேட்டா பேசு." எனக்குத் தலை கிறுகிறுத்தது. சந்தோஷத்தில்தான். பஸ்ஸில் வரும்போதே, முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாதத்தை முணுமுணுத்தேன். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். நீதிபதி அம்மா முதலில் அரசு வக்கீலைப் பார்த்தார். "ஆட்சேபணை இருக்கா?"

"இல்லம்மா. நிபந்தனையோட விடலாம்."

அவ்வளவுதான், ஜெயித்தாயிற்று. நீதிபதி அம்மா பேனாவை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "மனுதாரர் வக்கீல் என்ன சொல்றீங்க?"

நான் குனிந்து வணங்கி, கணீரென்று சொன்னேன்: "வாய்தா வேணும்மா."

பின்னாலிருந்து ஜீப் அண்ணனின் குரல்தான் முதலில் எழுந்தது. "ஐயய்யோ, எனக்கு வேணாந்தாயி!" டவாலி அவரை அதட்டி உட்கார வைத்தார். அரசு வக்கீல் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். நீதிபதி அம்மா முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. "ஒரு வாரம் போதுமா, ரெண்டு வாரம் போடவா?"

"வேணாம்மா! இன்னைக்கே வேணும்!" அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்பது எனக்கே முழுதாக நினைவில்லை. பஸ்ஸில் மனப்பாடம் செய்த ஒரு வரியும் வரவில்லை. மரத்தடியில் நின்றால் ஜீப்பு துருப்பிடிக்குமே தவிர யாருக்கும் நியாயம் கிடைக்காது என்றேன். ஏலக்காய் யாருக்காகவும் காத்திருக்காது என்றேன். திங்கள்கிழமை என்ற சொல்லைப் பலமுறை சொன்னேன். கையைக்கூட வீசினேன், தண்ணீர் டம்ளர் கவிழப் பார்த்தது.

"சரி. அந்த ஜீப்புல எத்தனை பேர ஏத்துவாரு?"

பின்னால் அண்ணன் இருமினார். "அனுமதிச்ச அளவுக்கு மேல ஒருத்தரக்கூட ஏத்த மாட்டாரும்மா. நான் உறுதி சொல்றேன்" என்றேன், யோசிக்காமலேயே. அதையே நிபந்தனையாக எழுதி, வண்டியை விடச் சொல்லி உத்தரவு போட்டார். மீறினால் வண்டி திரும்ப ஸ்டேஷனுக்குத்தான்.

வராந்தாவில் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "உசுரே போயிருச்சுத்தாயி மொதல்ல. திங்கக்கெழம நீயும் வந்துரு. மலை உச்சி மெட்டு வரைக்கும் முன் சீட்டுல கூட்டிப் போறேன்." எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

திங்கள் விடியும் முன்பே சிலமலைக்குப் போய், முன் சீட்டில் மகாராணி மாதிரி ஏறி உட்கார்ந்துவிட்டேன். பின்னால் பெண்கள் தூக்குவாளியும் பிளாஸ்டிக் சாக்குமாக ஏறினார்கள். வழக்கமாகத் தொங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு அண்ணன் இன்னொரு வண்டி பேசியிருந்தார், அது கிளம்பிவிட்டது. எங்கள் ஜீப்பும் நிறைந்து, அண்ணன் சாவியைத் திருகும்போது ஒரு பெண் ஓடி வந்தார்.

"அண்ணே, வெரசா வாரேன்ல, நில்லுண்ணே! இன்னைக்குச் சோலிக்குப் போகலன்னா பேர வெட்டிருவாக!"

"எடமில்லத்தா. ஒரு ஆளு கூடுனாலும் வண்டி போயிரும். கோர்ட்டு உத்தரவு."

அந்தப் பெண் ஜீப்பைப் பார்த்தார். பின்னால் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

அண்ணன் மட்டும் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாராச்சும் எறங்குனாத்தான் உண்டு" என்றார் மெதுவாக.

இறங்கினேன். அந்தப் பெண் என் சீட்டில் ஏறி வாளியை மடியில் வைத்துக்கொண்டு, "யாரு பெத்த புள்ளயோ, நல்லாருப்ப" என்றார். ஜீப் மலையைப் பார்த்துக் கிளம்பியது. நான் வாங்கிய முதல் உத்தரவு, முதல் ஆளாக என்னையே இறக்கிவிட்டது. நடுரோட்டில் தனியாக நின்று, வயிறு வலிக்கச் சிரித்தேன்.