அடைத்து வைத்த வாளி

பிள்ளைகளே, நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது நடந்தது இது. தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் நான் வேலை செய்த உணவகம் பூட்டப்பட்டபின், பியர் காய்ச்சும் தொழிலாவது கைகொடுக்கும் என்று நம் ஒற்றை அறையில் வாளியும் குழாயும் வாங்கி அடுக்கினேன். பியர் புளிக்கும் வாளியின் மூடியில், உள்ளே பொங்கும் வாயு வெளியேற ஒரு துளை உண்டு. மணம் போனால் சனம் கதைக்குமே என்று அதை டேப் சுற்றி அடைத்தேன்.

ஒரு நாள் மதியம் வாளி வெடித்தது. மூடி பறந்து உங்கள் தலையணையில் விழுந்தது. பியர் கீழ்மாடிக்கு ஒழுக, அங்கிருந்த தமிழர் ஓடிவந்தார்.

"அண்ணை, வீட்டுக்காரனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அறிஞ்சா நாங்கள் றோட்டிலைதான் நிப்பம்."

"பிள்ளையள் எங்கை?"

"பள்ளிக்கூடம்."

"அப்பாடா! மணம் எங்களுக்கு எப்பவோ வந்திட்டுது, தம்பி. தோசைமா பொங்குது எண்டு என்ரை மனுசி சொன்னவ."

சனத்துக்குப் பயந்த அளவு உங்களுக்காக நான் பயப்படவில்லை. அவர் போனபின், அந்தத் தலையணையில் என் தலையை வைத்துப் படுத்துப் பார்த்தேன்.