அறுபது வயது வரைக்கும் வரும் நீலம்

சுட்ட மண்ணை முன்பல்லில் தட்டிப் பார்த்திருக்கிறீர்களா? சரியாக வெந்த மண் 'ணங்' என்று சொல்லும். அரைவேக்காடு 'டொப்' என்று சொல்லிவிட்டு, நாக்கில் பட்டால் விடமாட்டேன் என்று ஒட்டிக்கொள்ளும். அம்மா உமி மூட்டத்திலிருந்து ஜிமிக்கிகளையும் பதக்கங்களையும் கிளறி எடுத்து, சாம்பலை ஊதி, சேலைத் தலைப்பில் துடைத்து என்னிடம் நீட்டுவாள். நான் ஒவ்வொன்றையும் பல்லில் தட்டி, தேறியதை ஒரு தட்டிலும் தேறாததை இன்னொரு தட்டிலும் போடுவேன். ஐந்தாம் வகுப்பு முடித்த அந்தக் கோடை விடுமுறை முழுக்க என் வாயில் சாம்பல் வாசம்தான். தெருவில் மற்ற அம்மாக்கள் எல்லாம் மண் தின்னும் பிள்ளைகளை முதுகில் நாலு வைத்துக்கொண்டிருந்தபோது, என்னை மட்டும் என் அம்மா கூப்பிட்டு வாயில் மண்ணை வைக்கச் சொன்னாள் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நாங்கள் இருந்தது நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, ஆர்ச் கேட்டுக்கு எதிர்ப்பக்கம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு வாடகை வீட்டில். அப்பா சுரங்கத்தில் 'கான்ட்ராக்ட்'. வேறு ஊர்களில் ஒருவரைப் பற்றி விசாரித்தால் என்ன வேலை, எந்த ஊர் என்று கேட்பார்கள், எங்கள் பக்கத்தில் எடுத்த எடுப்பில் "பெர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?" என்றுதான் கேட்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் கேட்பார்கள், வாடகைக்கு வீடு விடுபவர்கள் கேட்பார்கள், பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர்கூட டிக்கெட் வாங்கி முடிப்பதற்குள் கேட்டுவிடுவார். வேலை நிரந்தரம் என்று சொல்லமாட்டார்கள், ஆளையே சொல்வார்கள்: "அவரு பெர்மனென்ட்டு." டவுன்ஷிப்புக்குள்ளே வேப்பமரமும் மாமரமும் வைத்த குவார்ட்டர்ஸ்களில் இருந்தவர்கள் பெர்மனென்ட், வெளியே இருந்த எங்களைப் போன்றவர்கள் மற்ற வகை.

அந்தச் சொல் எனக்கு ஒருநாளும் சரியாகப் பிடிபட்டதில்லை. எங்கள் கணக்கு மிஸ் ஒருமுறை வெள்ளைப் பலகையில் ஏதோ ஒரு மார்க்கரால் வகுத்தல் கணக்கு எழுதிவிட்டு, துடைத்துத் துடைத்துப் பார்த்து, "ஐயையோ, இது பெர்மனென்ட்டு, அழியவே அழியாது" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பாவை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெர்மனென்ட் அழியாது என்றால் கான்ட்ராக்ட் அழிந்துவிடுமா? கேட்டேவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, "பெர்மனென்ட்டுன்னா அறுபது வயசு வரைக்கும் யாராலயும் அசைக்க முடியாது பாப்பா. நம்பள மாரி ஆளுங்கள எப்ப வேணாலும் அசைப்பாங்க" என்றார். குழப்பம் தீர்ந்தபாடில்லை. அறுபது வயதுக்கு மேல் மார்க்கர் எழுத்து என்னாகும் என்று யோசித்தபடியே தூங்கிப்போனேன்.

அம்மா வீட்டில் ரவிக்கை தைத்தும், சேலைக்கு 'ஃபால்ஸ்' அடித்தும் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஃபால்ஸ் அடிக்கக் கொடுக்க வந்த பழக்கம்தான் ஸ்டெல்லா ஆன்ட்டி. ஆன்ட்டியின் கணவர் பெர்மனென்ட். டவுன்ஷிப்பில் பெரிய குவார்ட்டர்ஸ். சுடுமண் நகை செய்யக் கற்றுக்கொடுக்கும் பத்து நாள் வகுப்பு ஒன்றுக்கு ஆன்ட்டி போனபோது துணைக்கு அம்மாவையும் கூட்டிப் போனார். அங்கே மண்ணைப் பிசைந்து உருட்டுவதிலும் சுடுவதிலும் அம்மாவை மிஞ்ச ஆளில்லை. சாயம் தீட்டுவதில் ஆன்ட்டியை மிஞ்ச ஆளில்லை. அப்புறம் இருவரும் சேர்ந்தே செய்ய ஆரம்பித்தார்கள். அப்பா கம்மாபுரம் பக்கம் தன் ஊர் ஏரியிலிருந்து சிமென்ட் சாக்கில் மண் கொண்டுவருவார்; அம்மா சலித்து, பிசைந்து, செய்து, சுட்டு, நான் பல்லில் தட்டித் தேர்ந்ததை எடுத்துக்கொண்டு ஆன்ட்டி வீட்டுக்குப் போவாள்; ஆன்ட்டி வண்ணம் தீட்டுவார்.

அந்த மே மாதம் டவுன்ஷிப் மைதானத்தில் மூன்று நாள் கைவினைச் சந்தை என்று சொன்னார்கள். சாமியானாப் பந்தலுக்குக் கீழே வரிசையாக மேஜைகள், மேஜைக்கு இரண்டு நாற்காலிகள். ஆனால் சந்தை நடத்திய பெண்கள் குழுவில் ஒரு விதி இருந்தது: குவார்ட்டர்ஸில் இருப்பவர்களுக்குத்தான் மேஜை. ஸ்டெல்லா ஆன்ட்டி தன் பெயரில் ஒன்று வாங்கினார். "கூட யாருன்னு கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லிக்கலாம் வசந்தா, யாரு வந்து பாக்கப் போறா?" என்றார்.

அம்மாவுக்கு அந்த மேஜை எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவள் ஒரு வாரம் முன்பே தன் ஒரே பட்டுச் சேலையை வெளியே எடுத்து நிழலில் உலர்த்தியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. "எத்தினி நாளிக்குத்தான் ஊரார் ரவிக்கைக்கு ஊக்கு வெச்சிக்கினு இருக்கறது? நம்ப கையால செஞ்சத நாமளே சேர் போட்டு உக்காந்து விக்கணும்" என்று அப்பாவிடம் சொன்னாள். என்னிடம் சொன்னது வேறு: "அங்க யாராச்சும் ஒங்கப்பா பெர்மனென்ட்டான்னு கேட்டா ஆமான்னு சொல்லு. வேற எதுவும் பேசாத. வாயத் தொறந்த, டேபிள் போயிரும்." நான் தலையை ஆட்டினேன். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லி வளர்த்தவளும் இவளே.

சந்தைக்கு முதல்நாள் இன்னொன்றும் நடந்தது. கடைசி ஐந்தாறு பதக்கங்களுக்குத் தீட்டும்போது நல்ல நீலச் சாயம் தீர்ந்துபோனது. ஆன்ட்டி தன் மகனின் பள்ளிக்கூடப் பெட்டியிலிருந்து போஸ்டர் கலர் புட்டியை எடுத்து வந்து, "மேல வார்னிஷ் அடிச்சிட்டா எல்லாம் ஒண்ணுதான்" என்றார். வார்னிஷும் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது மட்டும்தான் மிச்சம். அம்மா அந்தப் புட்டியை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, பதக்கங்களை ஆன்ட்டி பக்கம் தள்ளினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் மாலை அம்மா பட்டுச்சேலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அழகை நான் எங்கே போய்ச் சொல்வேன்! முதுகு நாற்காலியில் படவேயில்லை, அப்படி நிமிர்ந்திருந்தாள். ஆன்ட்டி இரண்டு கல்லூரிப் பெண்களுக்குத் தோடு காட்டிக்கொண்டிருக்க, அம்மா தண்ணீர் கொண்டுவரப் போயிருந்த நேரத்தில்தான் அந்த உயரமான அம்மாள் வந்தார். நீலப் பதக்கத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து, "பெர்மனென்ட்டா பாப்பா?" என்றார்.

அம்மா சொன்னபடியே வந்துவிட்டது சோதனை. "ஆமாங்க, பெர்மனென்ட்டுங்க."

"எவ்ளோ நாளு வரும்?"

இது பாடத்தில் இல்லாத கேள்வி. ஆனால் விடை எனக்குத் தெரியும். "அறுபது வயசு வரைக்குங்க. யாராலயும் அசைக்க முடியாது."

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். "ரொம்ப சமத்து!" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு அதையே வாங்கிக்கொண்டு போனார். அப்பாவுக்கும் சமத்துக்கும் என்ன சம்பந்தம், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று புரியாவிட்டாலும், மேஜையைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் மாலை அவர் வந்த வேகத்தைப் பார்த்தே எழுந்து நின்றுவிட்டேன். நெய்வேலி மே மாத வெயிலில், ஏதோ ஒரு கல்யாணக் கூட்டத்தில் வியர்த்து வழிந்திருக்கிறார். கழுத்தெல்லாம் நீலம், சந்தன நிறப் பட்டில் நெஞ்சுக்கு நேரே உள்ளங்கை அகலத்துக்கு நீலம். என்னை நோக்கி விரலை நீட்டி, "ஏ பாப்பா, பெர்மனென்ட்டுன்னு சொன்னியே! பொய்தானே அது?" என்றார்.

தெரிந்துவிட்டது! எப்படியோ போய் விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் சேலையை நான் பார்க்கவே இல்லை என்று சொல்லமாட்டேன், பார்த்தேன். ஆனால் அதற்கும் அப்பாவுக்கும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அந்த நொடியில் எனக்கு மூளை வேலை செய்யவில்லை. அழுதுகொண்டே கத்தினேன்: "எங்கப்பா பெர்மனென்ட் இல்லிங்க, கான்ட்ராக்ட்டுங்க! கேட்டா பெர்மனென்ட்டுன்னு சொல்லச் சொல்லி அம்மாதாங்க சொன்னாங்க!"

"உங்கப்பாவ யாருடி கேட்டா? நான் கலரத்தான கேட்டேன்?" என்றார் அவர், கோபம் பாதியில் நின்றுபோய்.

பக்கத்து மேஜைகளில் சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டு, கையில் பட்டியலோடு குழுவைச் சேர்ந்த ஒரு பெண்மணி வந்தார். பட்டியலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், ஆன்ட்டியிடம் திரும்பினார். "டேபிள் உங்க பேர்லதானே இருக்கு? இவங்க யாரு?"

ஸ்டெல்லா ஆன்ட்டியின் முகம் வெளுத்திருந்தது. "எங்க வீட்டுல வேலை செய்யறவங்க மேடம். ஒத்தாசைக்குக் கூட்டிட்டு வந்தேன்" என்றார்.

அவ்வளவுதான். பட்டியல் மூடப்பட்டது, மேஜை பிழைத்தது. அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். அந்த உயரமான அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டு, அசல் சாயம் தீட்டிய பச்சைப் பதக்கம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போனார். அதற்குப் பிறகு அன்று மாலை முழுவதும் அம்மா அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை.

வீட்டில் நடந்ததைக் கேட்டு அப்பா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. "இத்தினி வருஷத்துல என்னை பெர்மனென்ட் பண்ண ஒரே ஆளு நீதான் பாப்பா!" அம்மா சிரிக்கவில்லை. அடி விழும் என்று காத்திருந்தேன், அதுவும் விழவில்லை. மெல்லப் பக்கத்தில் போய், "நீ ஆன்ட்டி வூட்ல வேலையா செய்யற?" என்று கேட்டேன்.

"இன்னிக்கி செஞ்சேன்" என்றாள்.

"அந்த நீலம் ஆன்ட்டி அடிச்சதுதான? ஏன் நீ சொல்லல?"

"சொன்னா டேபிளும் போவும், ஸ்டெல்லா அக்காவும் போவும். போய் மூஞ்சியக் கழுவு."

ஆன்ட்டி செய்தது உதவியா, அவமானமா? அன்றும் எனக்கு விளங்கவில்லை. இன்று இதை எழுதும்போதும் விளங்கவில்லை. சொந்தக்காரர் என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண்மணி நம்பியிருப்பாரா? என் வாயால் கெட்டதை ஆன்ட்டி வாயால் சரிசெய்தார் என்று எடுத்துக்கொள்வதா, இல்லை, வாய்க்கு முதலில் வந்ததே அவர் மனதில் இருந்ததா? எனக்குக் கோபம் ஆன்ட்டியின் மேல் வருவதா, என் மேல் வருவதா என்று தெரியாமல் பல வருஷம் இருவர் மேலும் மாற்றி மாற்றி வந்துகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் அம்மா போகமாட்டாள் என்று நினைத்தேன். போனாள், சாதாரண நூல் சேலையில். போனதும் ஈரத்துணியால் ஒவ்வொரு நகையையும் தேய்த்துப் பார்த்து, மிச்சமிருந்த நீலங்களைப் பொறுக்கிப் பையில் போட்டாள். ஸ்டெல்லா ஆன்ட்டி இரண்டு நாற்காலிகளில் நல்லதாக இருந்ததை அம்மா பக்கம் நகர்த்தினார். அம்மா உட்காரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஆன்ட்டியும் உட்காரவில்லை. இரண்டு பெண்களும் அந்த மாலை முழுக்க நின்றுகொண்டே விற்றார்கள். இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் நான் உட்கார்ந்து, இவர்களுக்குச் சண்டையா சமாதானமா என்று இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்க வந்த ஒவ்வொருவரிடமும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், அம்மா ஒரே வாசகத்தைச் சொன்னாள்: "கலரு பெர்மனென்ட் இல்லிங்க. தண்ணி படாம பாத்துக்குங்க."

அதற்குப் பிறகும் இருவரும் இரண்டு மூன்று வருஷம் சேர்ந்து செய்தார்கள். அந்த மேஜையைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

ஆன்ட்டியின் கணவருக்கு அறுபது வயதானதும் குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் திருச்சி பக்கம் போய்விட்டார்கள். அந்த வரிசை வீடுகளே இப்போது இல்லை. இடித்த இடத்தில் முட்புதர் மண்டி, மாமரங்கள் மட்டும் யாருக்கென்று தெரியாமல் காய்த்துக்கொண்டிருக்கின்றன. பெர்மனென்ட்டுகள் போய்விட்டார்கள், எப்போது வேண்டுமானாலும் அசைக்கக்கூடிய எங்கள் குடும்பம் அதே வாடகை வீட்டில்தான் இருக்கிறது, கூரை மட்டும் மாறியிருக்கிறது. இதற்கு என்ன கணக்கு என்று மிஸ்ஸைத்தான் கேட்கவேண்டும். அப்பா கான்ட்ராக்டாகவே வேலையை விட்டார். அம்மாவின் விரல்கள் மடங்குவதில்லை, மண் தொட்டு வருஷங்களாகின்றன.

போன ஆண்டு எனக்குச் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. பதினொரு மாத ஒப்பந்தம், அவர்களுக்குப் பிடித்தால் புதுப்பிப்பார்கள். வேலை கிடைத்ததும் அம்மாவுக்குத்தான் முதலில் போன் செய்தேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை, எங்கே தங்குவாய் என்று கேட்கவில்லை. எடுத்த எடுப்பில், "பெர்மனென்ட்டா?" என்றாள்.

ஒரு நொடி பத்து வயதுக்காரியாக நின்றேன். பிறகு, "ஆமாம்மா, அறுபது வயசு வரைக்கும். யாராலயும் அசைக்க முடியாது" என்றேன்.



"சரி சரி" என்றாள் அம்மா. "தண்ணி படாம பாத்துக்க."