கூரை மடியும் காருக்கு இஞ்சின் பார்த்த கிருபன்

பரந்தன் சந்தியில் பூநகரிப் பக்கம் திரும்பிக் கொஞ்சத் தூரம் போனால், ஒரு தகரக் கொட்டகைக்குள் வெள்ளைக் கார் ஒன்று நிற்கும். கழுவித் துடைத்து முடித்த பிறகும் அதன் முன்மூக்கில் இரண்டு பிளாஸ்டிக் பூவாவது ஒட்டிக்கொண்டிருக்கும். அது கிருபனின் கலியாணக் கார். கிளிநொச்சிப் பக்கத்தில் தாலி கட்டிக்கொண்டவர்களில் பாதிப் பேரையாவது அவன் ஏற்றி இறக்கியிருப்பான். மாப்பிள்ளைக்கு வியர்த்தால் துடைக்கக் கைலேஞ்சி, பொம்பிளைக்குத் தலை சுற்றினால் முகர எலுமிச்சம்பழம், தோழன் விடியவே தண்ணி போட்டிருந்தால் வாயில் போட ஏலக்காய், எல்லாம் அவனுடைய காரில் இருக்கும். இவ்வளவும் தெரிந்த மனிதனுக்கு வயது நாற்பத்திரண்டு ஆகியும் கலியாணம் மட்டும் ஆகவில்லை.

அதற்கு அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. கலியாணம் கட்டுகிற வயதில் அவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். பிறகு முகாம். பிறகு வீடு கட்டுகிற பாடு. பிறகு தாய்க்குச் சலரோகம் முற்றி, அவவைப் பார்த்த ஆறேழு வருடம். எல்லாம் ஓய்ந்து நிமிர்ந்தபோது சாதகக்காரர் செவ்வாயைக் கண்டுபிடித்தார். செவ்வாய் போதாத குறைக்கு அவனுடைய குணமும் ஒன்று இருந்தது. ஒரு சேட்டு வாங்கப் போனாலும் அதுவோ இதுவோ என்று அவன் தீர்மானிப்பதற்குள் கடைக்காரன் களைத்துப் போவான்.

இந்த மனிதன்தான் போன வருடம் கூரை திறந்து மடியும் சின்னக் கார் ஒன்று வாங்கப் புறப்பட்டான்.

காரணம் ஒரு பூநகரி மாப்பிள்ளை. பிள்ளை பனை உயரம். தலையில் சரிகைத் தலைப்பாகையை வைத்து, அதன் மேல் இறகையும் குத்தி, கிருபனின் வெள்ளைக் காருக்குள் இருத்தினால் இறகு கூரையில் இடித்தது. மாப்பிள்ளை தலையைக் குனிந்தார். பூநகரியிலிருந்து கிளிநொச்சி மண்டபம் வரை நிமிரவேயில்லை. பிறகு வீடியோவைப் போட்டுப் பார்த்தால், களவெடுத்துப் பிடிபட்டவனைக் கூட்டிப்போவதுபோல இருந்தது. மாப்பிள்ளையின் தாய் கிருபனுக்கு ரெலிபோன் எடுத்து அழுதே விட்டாள். அன்றைக்கு அவன் முடிவெடுத்தான், இனிமேல் தன் காரில் ஒரு மாப்பிள்ளையும் தலை குனியக் கூடாது என்று. அதுவரை அவன் வாழ்க்கையில் சட்டென்று எடுத்த முடிவு அது ஒன்றுதான்.

வாகன இறக்குமதி திரும்பத் திறந்துவிட்ட நேரம். வவுனியாவில் அன்ஸார் என்பவர் யப்பானில் ஓடிய கார்களைத் தருவித்துக் கொடுக்கும் அலுவலகம் வைத்திருந்தார். கிருபன் அங்கே போனான். மேசையில் இருந்தவள் கஜேந்தினி. தண்ணீரூற்றுக்காரி, முப்பத்தெட்டு வயது, வவுனியாவில் சின்னம்மா வீட்டில் தங்கி வேலை செய்கிறவள். கொம்பியூற்றரில் படங்களைக் காட்டி, விசயத்தை ஆறுதலாகச் சொன்னாள்.

"அண்ணை, நாலு பேர் இருக்கிற இந்தச் சின்னக் காரில இரண்டு இஞ்சின் இருக்கு. ஒண்டு தொளாயிரம் சீசீ, காத்தை அமுக்கி அடிக்கிற ரேபோ. இழுவை கூட, வரி குறைய. மற்றது ஆயிரத்து இருநூறு. இழுவை கொஞ்சம் குறைய, ஆனா சத்தம் கேக்காது. சின்னது இரண்டு சிலிண்டர்தான், நிக்கேக்க கொஞ்சம் உதறும்."

"உழுகிற லாண்ட்மாஸ்டர் மாதிரியோ?"

"அவ்வளவுக்கு இல்லை. எண்டாலும் ஒரு வயல் ஞாபகம் வரும்."

கிருபன் சிரித்துவிட்டான். அப்புறம் தரம். மேல்தரத்தில் யானைத்தந்த நிறத்தில் லெதர் சீற், பளபளக்கும் சில்லு, பாட்டுக்கு நல்ல ஸ்பீக்கர். சாதாரண தரத்தில் துணிச் சீற், மற்றதெல்லாம் மட்டுமட்டு. கூரை சிவப்பிலும் உண்டு, கறுப்பிலும் உண்டு.

அன்றைக்குக் கிருபனுக்கு ஏதோ அருள் வந்திருக்க வேண்டும். கலியாணக் கார் மேளத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர்கிற கார், அதற்கு ரேபோ எதற்கு? உதறினால் பொம்பிளையின் தோடு ஆடும், படம் கலங்கும். வெள்ளை லெதரில் குங்குமமும் சந்தனமும் பட்டால் யார் கழுவுகிறது? கறுப்புக் கூரை மங்கல காரியத்துக்கு ஆகாது. "ஆயிரத்து இருநூறு, துணிச் சீற், சிவப்புக் கூரை" என்று ஒரே மூச்சில் சொன்னான். முற்பணம் கட்டினான், கையெழுத்தும் வைத்தான். இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

அன்று பின்னேரம் கஜேந்தினி ரெலிபோன் எடுத்தாள். "அண்ணை, கூரை சிவப்புத்தானே? ஒருக்கா உறுதிப்படுத்தத்தான் எடுத்தனான்."

"ஓம்" என்றான் கிருபன். அவள் வைக்கப் போகிறாள் என்று தெரிந்தது. இனி எடுக்க மாட்டாள் என்பதும் தெரிந்தது. என்ன நடந்ததென்று அவனுக்கே விளங்கவில்லை, வாய் தன்பாட்டில் கேட்டது: "மிஸ், அந்தச் சின்ன இஞ்சினை நான் அவசரப்பட்டு வேண்டாமெண்டு சொல்லிட்டனோ?"

இதுதான் தொடக்கம். அடுத்த நாள் தொளாயிரத்தின் எண்ணெய்ச் செலவு. அதற்கடுத்த நாள் ஆயிரத்து இருநூறு வெயிலில் ஊர்ந்தால் சூடேறுமா என்பது. பிறகு சீற். துணி வேர்வையைக் குடிக்கும், லெதர் கூறைச் சேலைக்குள்ளாலும் சுடும், என்ன செய்யலாம்? கூரைக்கு ஒரு முழுக் கிழமை போனது. ஆனையிறவைத் தாண்டும்போது உப்புக் காற்று துணிக்கூரையை அரிக்குமா என்ற விசாரணைக்கு மட்டும் இரண்டு தரம் எடுத்தான். அவனுடைய சவாரிகளில் ஆனையிறவைத் தாண்டுகிறது வருடத்தில் நாலோ ஐந்தோ. கஜேந்தினி ஒருநாளும் சலிக்கவில்லை. "ஓம், விளங்குது" என்பாள், "அதையும் யோசிக்க வேணும்தான்" என்பாள். சிலிண்டர்களுக்கு இடையில் சொந்தக் கதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தது. தகப்பன் இல்லாத வீட்டில் இரண்டு தம்பிமாரைப் படிப்பித்து, கலியாணம் கட்டிவைத்து, ஒருவனைப் பிரான்சுக்கும் அனுப்பி, திரும்பிப் பார்த்தபோது தன் வயது போய்விட்டதை அவள் ஒரு பகிடிபோலச் சொன்னாள். கிருபனுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

இதற்குள் அவனுக்கு உண்மை வெளித்துவிட்டது. இஞ்சினில் ஒரு குழப்பமும் இல்லை. எதை வாங்க வேண்டும் என்று முதல் நாளே தெரியும். ஆனால் சொல்லி முடித்தால் அலுவல் முடிந்துவிடும், அலுவல் முடிந்தால் வவுனியாவுக்கு ரெலிபோன் எடுக்க என்ன சாட்டு? நேரே கேட்டுவிடலாம் என்றால், அவள் ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு "அண்ணை" போட்டுக்கொண்டிருந்தாள். அந்த அலுவலகத்தில் கால் வைக்கிற ஆண்பிள்ளைகள் எல்லாருமே அவளுக்கு அண்ணைதான். அந்தச் சொல்லைத் தாண்டிக் குதிக்கிற துணிவு கிருபனுக்கு இல்லை.

பக்கத்து வளவில் இருந்த அக்கா சிவதர்சினிக்குப் பொறுமை போனது. "நீ கார் பாக்கிறியோ, பொம்பிளை பாக்கிறியோ? அயலட்டை எல்லாம் சிரிக்குது."

"இஞ்சின் சின்ன விசயமே அக்கா? பிழைச்சுப்போனா ஆர் பதில் சொல்லுறது?" என்றான் கிருபன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

சாட்டுகள் தீரத் தொடங்கியபோது அவனுக்குத் தலைப்பாகை கைகொடுத்தது. "மிஸ், தை மாதத்தில மழை வந்தா கூரையை மூட வேணுமெல்லே. மூடினா மாப்பிள்ளையின்ரை தலைப்பாகை இடிக்காதோ?"

"எவ்வளவு உயரம் எண்டு அளந்து சொல்லுங்கோ அண்ணை. பாத்துச் சொல்லலாம்."

அளக்க ஒரு அடிமட்டம் போதும். கிருபன் மாப்பிள்ளைத் தலைப்பாகை ஒன்றை இரவல் வாங்கிக் கேக் பெட்டியொன்றில் வைத்து வவுனியாவுக்கே கொண்டுபோனான். கஜேந்தினி பெட்டியைத் திறந்து பார்த்தாள், அவனைப் பார்த்தாள், சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். சுழலும் கதிரையைக் கார்ச் சீற்றின் உயரத்துக்கு இறக்கி அவனை இருத்தினாள். "போடுங்கோ" என்றாள். போட்டான். அவள் பின்னால் நின்று அளவு நாடாவைப் பிடித்தாள், காப்பு அவன் காதுக்குப் பக்கத்தில் கிலுங்கியது. இவ்வளவு மாப்பிள்ளைமாருக்கும் வியர்வை துடைக்கக் கைலேஞ்சி கொடுத்தவனுக்கு அன்றைக்குக் கொடுக்க ஆளில்லை.

அந்த நேரம் பார்த்து அன்ஸார் உள்ளே வந்தார். "மாஷா அல்லாஹ்! தம்பி, கார் வரமுந்தியே மாப்பிள்ளை வந்திட்டாரோ?"

கஜேந்தினி வாய்விட்டுச் சிரித்தாள். கிருபன் தலைப்பாகையோடு எழும்பவும் ஏலாமல் இருக்கவும் ஏலாமல் தவித்தான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவனை முழுதாகக் குழப்பியது. அடுத்த நாள் ரெலிபோனில் அவள் "சொல்லுங்கோ" என்றாள். "அண்ணை" இல்லை. மறந்திருப்பாள் என்று நினைத்தான். அதற்கடுத்த நாளும் இல்லை. வாடிக்கையாளர் ஒருவர் அளவுக்கு மீறிக் கரைச்சல் தந்தால் மரியாதையை வெட்டுவார்களோ? அல்லது வேறு ஏதாவதோ? இரண்டு சிலிண்டருக்கும் நாலு சிலிண்டருக்கும் வித்தியாசம் சொல்லத் தெரிந்தவனுக்கு இதற்குள் என்ன ஓடுகிறதென்று சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு கதையிலும் அந்தச் சொல் திரும்பி வந்துவிடுமோ என்று பயந்து பயந்து கேட்டான். வரவில்லை. வராததை நம்பவும் அவனுக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் அன்ஸாரிடமிருந்து ரெலிபோன் வந்தது. "தம்பி, இந்தக் கிழமை வந்து அலுவலை முடியுங்கோ. இனி இழுத்தடிக்க ஏலாது."

கிருபன் அந்த நிமிடமே புறப்பட்டான். மாங்குளம் கடந்ததே தெரியாமல் வவுனியாவுக்குக் கார் ஓடினான். ஆயிரத்து இருநூறு, துணிச் சீற், சிவப்புக் கூரை என்று சொல்லிவிட்டு, "உதவிக்கு நன்றி மிஸ்" என்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவது என்று தீர்மானித்தான். கொஞ்சத் தூரம் போனதும், கேட்டுவிடுவது என்று தீர்மானித்தான். ஓமந்தையில் திரும்பவும் கும்பிட்டுவிட்டு வருவதாயிற்று. இந்த மனிதன் கலியாணம் கட்டாமல் இருந்ததற்குச் செவ்வாயைக் குறை சொன்னது பாவம்.

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நின்றபடியே சொன்னான். "அன்ஸார் நானா, நான் முடிவெடுத்திட்டன். ஆயிரத்து இருநூறு இஞ்சின்..."

அன்ஸார் அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். "எந்த இஞ்சின் தம்பி? உங்கட கார் நேற்றே வந்து பின் வளவில நிக்குது. மிச்சத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு போகத்தானே கூப்பிட்டனான்."

கிருபன் பின் யன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தான். நின்றது. சின்னதாக, உருண்டையாக, சிவப்புக் கூரையோடு. உள்ளே துணிச் சீற். அன்ஸார் கார்த் திறப்பை எடுத்துவர உள்ளே போனார்.

கஜேந்தினி கொம்பியூற்றரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கிருபன் அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"காருக்கு ஓடர் எப்ப போனது?"

"நீங்கள் கையெழுத்து வைச்ச அண்டைக்கே."

"அப்ப இவ்வளவு நாளும் நான் மாத்தி மாத்திச் சொன்னதெல்லாம்?"

"கேட்டுக்கொண்டு இருந்தனான்."

"கார் கப்பலில வருகுது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். முகம் சிவந்திருந்தது, ஆனால் குரல் தடுமாறவில்லை. "சொல்லியிருந்தா நீங்கள் எடுக்க மாட்டீங்கள். முதல் எனக்கும் விளங்கேல்லை, ஆளுக்கு உண்மையிலேயே இஞ்சின் பயித்தியம் எண்டுதான் நினைச்சனான். இஞ்ச வாறவை எல்லாரும் கேக்கிற கேள்வி, கார் எப்ப வரும் எண்டுதான். நீங்கள் மட்டும் அதை ஒருநாளும் கேக்கேல்லை. அதிலதான் விளங்கினது."

கிருபனுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோசம்தான், ஆனால் நாற்பத்திரண்டு வயதில் முதல்முறை வருகிற சந்தோசம் ஆளைக் கொஞ்சம் பயமுறுத்தத்தான் செய்யும். உள்ளே அன்ஸார் திறப்பைத் தேடி மேசை லாச்சியைக் கிளறுகிற சத்தம் கேட்டது. இனியும் விட்டால் இல்லை.

"கஜேந்தினி, என்னைக் கட்டுறீங்களோ?" என்றான்.

அவள் மேசையில் கிடந்த பேனையை எடுத்து மூடியைப் போட்டாள், பிறகு கழற்றினாள். சிரிப்பு கண்ணுக்குள் வந்து நின்றது.

"இது இஞ்சினை விடப் பெரிய விசயமெல்லே" என்றாள். "எனக்கும் யோசிக்கக் கொஞ்ச நாள் வேணும். ஒவ்வொரு நாளும் பின்னேரம் எடுத்துக் கேளுங்கோ."