மதாம் எழுதிக் கொடுத்த நான்கு வருஷம்

தேதி குறிக்காமல் நான் எதையும் எழுதுவதில்லை. எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்த நாள், அப்பா மில்லில் சேர்ந்த நாள், வீட்டில் முதல் ரேடியோ பாடிய நாள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. இந்த ஒன்றுக்கு மட்டும் தேதி இல்லை. 1978, ஆனி மாதம், பள்ளி திறந்த பிறகு வந்த ஒரு சனிக்கிழமை. கேட்டால் சொல்லக்கூடியவள் அத்தை ஒருத்திதான். அவளிடம் கேட்க எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. மாமா இறந்து ஆறு மாதம் பாகூரில் புகுந்த வீட்டில் இருந்துவிட்டு, 1977 தையில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒரு அறை, ஒரு அடுப்பங்கரை, அதில் ஏற்கெனவே ஐந்து பேர். மாதம் ஒருமுறை மாமாவின் அண்ணன் பஸ் ஏறி வருவார். அவருடைய மனைவி பக்கவாதத்தில் விழுந்திருந்தார். கொட்டிலில் நான்கு மாடுகள்.

"அங்க ஆளில்லாம நாங்க அல்லாடறோம். இங்க நீ சும்மாதான குந்தியிருக்கிற?" என்பார்.

அம்மா போடும் காப்பியில் அவருக்கு மட்டும் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

1978இல் மில்லில் பாதி நாள் வேலை இல்லை. அப்பா ஒருநாள் அத்தையின் முகத்தைப் பார்க்காமல், "ஆடி பொறக்கறதுக்குள்ள ஒரு வேலை தேடிக்க. இல்லன்னா அவரோட போயிடும்மா. நான் இன்னா பண்றது, சொல்லு" என்றார். அத்தைக்குப் பாகூர் போக விருப்பமில்லை. அங்கே போனால் திரும்பி வர வழியில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

சும்மா குந்தியிருந்த அத்தை தினமும் மூன்று மணிக்கு அடுத்த வீட்டு அம்மாளிடம் போவாள்; பிரெஞ்சு வழக்கப்படி தெருவே அவரை மதாம் என்றுதான் கூப்பிடும். மதாமின் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து இறந்தவர். மதாமுக்கு இரண்டு காலும் வீங்கி, எழுந்து நடக்க முடியாது. அத்தை வெந்நீர் போட்டு அவரைக் குளிப்பாட்டுவாள், காலுக்கு எண்ணெய் தடவுவாள், படுக்கையைத் தட்டிப் போட்டு அவரைப் புரட்டிப் படுக்க வைப்பாள். மதாமுக்குப் பென்ஷன் வந்தது. சம்பளம் கொடுக்க முடியாதவர் அல்ல. ஆனால் அடுத்த வீட்டுப் பெண் கையில் காசை வைத்தால் அவளை வேலைக்காரி ஆக்கியது போலாகும் என்று அவர் நினைத்தார். வாங்கினால் அண்ணனுக்குத் தலைகுனிவு என்று அத்தை நினைத்தாள். ஆகவே தீபாவளிக்கு ஒரு புடவையோடும் அவ்வப்போது பாதி ரொட்டியோடும் இரண்டு வீட்டு மரியாதையும் காப்பாற்றப்பட்டது.

ரயிலடிப் பக்கம் புதிதாகத் திறந்த ஒரு நர்சிங் ஹோமில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேண்டும் என்று அப்பா கேட்டு வந்தார். முன்பு வேலை செய்தவராக இருக்க வேண்டும் என்றார்களாம். அத்தை மதாமிடம் போய் நின்றாள். பிரெஞ்சுக்காரர் வீடுகளில் சமைத்தவர்களும் பிள்ளை வளர்த்தவர்களும் விலகும்போது எஜமானியிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். செர்த்திபிக்கா என்பார்கள். அது கையில் இருந்தால் அடுத்த வீட்டில் கேள்வி கிடையாது. மதாம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அழகான சாய்வெழுத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை அத்தை என்னைத் துணைக்கு அழைத்துப் போனாள். எனக்குப் பத்து வயது. வாசலில் என் சடையை இழுத்துச் சரிசெய்தபடி, "உள்ள வந்து எதுவும் பேசக் கூடாது, இன்னா?" என்றாள். தலையாட்டினேன்.

டாக்டரம்மா பிரெஞ்சு படித்தவர். கடிதத்தை நிதானமாகப் படித்தார்.

"நாலு வருஷம் இருந்திருக்கீங்க. படுத்த படுக்கையா இருக்கறவங்களப் பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேங்க."

"எப்ப?"

அத்தை கடிதத்தைக் காட்டினாள். "அதுல போட்டிருக்குதுங்களே, அப்பதாங்க."

கடிதம் மேஜைமேல் என் பக்கமாக இருந்தது. எனக்குப் பிரெஞ்சு ஓர் எழுத்தும் தெரியாது. எண்கள் தெரியும். 1974 என்றும் 1978 என்றும் போட்டிருந்தது. பெரியவர்கள் வருஷத்தைத் தப்பாகச் சொன்னால் திருத்துவதும், அதற்காகப் பாராட்டு வாங்குவதும் அந்த வயதில் என் வழக்கம்.

"அது தப்பு டாக்டரம்மா. எழுவத்தி நாலுல அத்த பாகூர்ல இருந்தாங்க. எழுவத்தஞ்சு ஐப்பசியிலருந்து எழுவத்தாறு ஆடி வரிக்கும் மாமாகூட கோரிமேட்டு ஆஸ்பத்திரியில இருந்தாங்க. எங்க வீட்டுக்கு வந்ததே எழுவத்தேழு தை மாசந்தான்."

டாக்டரம்மா கடிதத்தை மடித்து அத்தை பக்கம் நகர்த்தினார்.

"பாப்பாவுக்கு நல்ல ஞாபக சக்தி" என்றார். "சொல்லி அனுப்பறோம்."

ஒன்பது மாதம், படுத்துவிட்ட ஒரு மனிதரைத் துடைத்து, ஊட்டி, புண் வராமல் புரட்டிப் போட்டவள் அத்தை. அந்த வேலைக்கு வேண்டிய அனுபவம் அதைத் தவிர வேறென்ன? அதை என் வாயாலேயே சொல்லியிருந்தேன். டாக்டரம்மாவுக்குப் பொய் மட்டும் கேட்டது. எனக்கு என் வருஷக் கணக்கு மட்டும் கேட்டது. அத்தைக்கோ, புருஷனைப் பார்த்துக்கொண்டதையும் வேலை என்று சொல்லலாம் என்பதே தோன்றவில்லை.

திரும்பி நடக்கும்போது அவள் என்னைத் திட்டுவாள் என்று நான் பயப்படவில்லை. மெச்சுவாள் என்று காத்திருந்தேன். "வெயிலா இருக்குது, இந்தப் பக்கம் நெழல்ல வா" என்று மட்டும் சொன்னாள்.

சொல்லி அனுப்பவில்லை. அடுத்த வாரம் அத்தை வாசலை எட்டி எட்டிப் பார்த்ததைக் கண்டு, இதில் ஏதோ சரிசெய்ய வேண்டும் என்று எனக்கே பட்டது. கடிதத்தில்தானே பிழை? அதைத் திருத்திவிட்டால் போயிற்று. மதாமிடம் போனேன்.

"அங்கருந்து சொல்லி அனுப்பினாங்களா பாப்பா?"

"இல்ல மதாம். நீங்க வருஷத்தத் தப்பா எழுதிட்டீங்க. நான் சொன்னேன்."

மதாம் தன் கால்களைப் பார்த்தபடி, யாரிடமோ சொல்வது போல, "மாசாமாசம் சம்பளம் குடுத்திருந்தேன்னா, நான் பொய் எழுதியிருக்க வேணாம்" என்றார். அது எனக்கு விளங்கவில்லை. வேறு தாள் எடுத்து, நான் சொன்ன மாதத்தையும் வருஷத்தையும் கேட்டுக் கேட்டு எழுதினார். மை காயும்வரை ஊதிக்கொண்டே எடுத்து வந்தேன்.

அத்தை அடுப்பங்கரையில் பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள். வாசலில் மாமாவின் அண்ணன் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"அத்த, இப்ப எல்லாம் சரியா இருக்குது. இத எடுத்துக்கினு திரும்பப் போலாம்."

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கும் அதில் எண்கள் மட்டும்தான் தெரியும். "ஆமா, சரியா எழுதியிருக்காங்க" என்றாள். என் கன்னத்தைத் தொட்டாள். பிறகு ஒவ்வொரு புடவையாக எடுத்து, உதறி, மடித்துப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையைப் பிடித்துக் கொடுத்தேன். வேலைக்குப் போக எது நன்றாக இருக்கும் என்று பார்க்கிறாள் என்று நினைத்து, நீலப் புடவையை எடுத்து மேலே வைத்தேன்.