பலாப்பழத்தை நம்பிப் படகு ஓட்டியது

எங்கள் கிழங்குக் காட்டை ஒட்டியிருக்கும் ஏரியில் படகு ஓட்டும் வேலை கிடைத்த முதல் மாதமே ஏரிக்கு வரைபடம் போட்டேன். யாரும் கேட்கவில்லை. வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். கையில் ஒரு தாளாவது இருக்க வேண்டும் என்று தோன்றியது. கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் அம்மாவின் அம்மிக் குழவியைக் கட்டி, ஏரி முழுக்க இறக்கி ஆழம் பார்த்தேன். மூன்று நாள் வீட்டில் சட்னி இல்லை.

அந்தக் கோபத்தில் அம்மா சொன்னாள்: "தண்ணி மேல பொழைக்கற பொழப்பு எனக்குப் புடிக்கல கண்ணு. ஒருக்கா நான் ஏறிப் பாக்கறேன். பயமா இருந்துச்சுன்னா வேலைய உட்டுட்டுக் கெழங்கு புடுங்க வந்துரு."

கிழங்கு பிடுங்க எனக்குத் தெரியும். பிடித்திருந்தது படகுதான்.

ஏரி நடுவில் ஒரு சேற்றுத் திட்டு உண்டு. அதில் தட்டாமல் போகக் கரையில் அடையாளம் வேண்டும். எங்கள் கரையில் பலா மரங்கள் வரிசையாக நிற்கும்; தூரத்திலிருந்து எல்லாம் ஒரே மாதிரி. ஒன்றில் மட்டும் பெரிய பழம் ஒன்று தாழத் தொங்கியது. 'பலாப்பழமும் அதன் பின்னால் தண்ணீர்த் தொட்டியும் ஒரே நேராகத் தெரியும்படி ஓட்டவும்' என்று சிவப்பு மையில் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா மடியில் ஒரு சாக்கு மூட்டையோடு படகில் ஏறினாள். மிதவைச் சட்டையை மாட்டிவிட்டேன்.

"மூட்டைக்கு?"

"மூட்டைக்கு எதுக்கும்மா?"

"தண்ணில உழுந்தா நீயா எடுப்ப?"

மூட்டைக்கும் ஒன்று மாட்டினேன்.

நடு ஏரியில் திரும்பிப் பார்த்தேன். தொட்டி இருந்தது. பழத்தைக் காணோம். இடப்பக்கம் போனேன், வலப்பக்கம் போனேன், தாளைப் பார்த்தேன். படகு 'சதக்' என்று திட்டில் ஏறி நின்றது.

"என்னடா தேடற?"

"நம்ம மரத்துப் பலாப்பழத்தம்மா. அதப் பாத்துத்தான் ஓட்டணும்."

அம்மா மூட்டையை இறுக்கிக்கொண்டாள். "அதயா? காலைல அறுத்துட்டேனே. உங்க படகு ஆபீஸ்ல குடுக்கலாம்னு."

மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு என் அடையாளம் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தது.

வேலை போயிற்று என்று நினைத்தேன். அம்மா தண்ணீரை எட்டிப் பார்த்தாள். "இங்க எத்தன அடின்னு எழுதியிருக்க?"

"ஒண்ணரை."

நான் பிடிப்பதற்குள் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். முழங்கால் நனைந்தது. அவ்வளவுதான்.

"தாளு சரியாத்தான் சொல்லுது," என்றாள். படகை ஒரே தள்ளு தள்ளிவிட்டு ஏறிக்கொண்டாள். "வேலைக்குப் போ. ஆனா பழுக்கறதயெல்லாம் அதுல எழுதாத சாமி. பழுத்தா நான் அறுப்பேன்."

மறுநாள் அந்த மரத்துக்குச் சுண்ணாம்பு அடித்தேன். மற்ற மரங்கள் பார்க்க நன்றாக இல்லை என்று சாயங்காலமே அம்மா எல்லாவற்றுக்கும் அடித்துவிட்டாள்.