மழை மாதத்துக்குக் கட்டம் இல்லை

அடுத்தவர் வருமானத்தைக் கேட்டு எழுதும் வேலையில், பொய் சொன்னவரைவிட உண்மை சொன்னவருக்கே நாம் அதிகம் கெடுதல் செய்திருக்கிறோம். படிவத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் மறுக்க மாட்டீர்கள்.

பாத்தி வரப்பில்

2005 ஏப்ரலில், வறுமைக்கோட்டுக்குக் கீழே யார் யார் என்று மரக்காணம் பக்கம் கணக்கெடுத்தேன். தற்காலிக வேலை. கோடையில் போனால் எல்லாரும் உப்பளத்திலேயே கிடைப்பார்கள் என்பதால் அந்த மாதம்.

பிலோமினா உப்புக் கூடையை இறக்கிவிட்டு வந்தார். புருஷன் இல்லை. மகள் ஸ்டெல்லா பன்னிரண்டாவது எழுதியிருந்தாள். பட்டியலில் பெயர் வந்தால்தான் அவளை நர்ஸிங் படிப்பில் கட்டணமில்லாமல் சேர்க்க முடியும். கூலி எவ்வளவு என்றேன். "கொறச்சு சொல்லுக்கா" என்று பக்கத்து வீட்டு மல்லிகா காதைக் கடித்தாள். பிலோமினா முழுக் கூலியையும் சொன்னார். பிறகு மல்லிகாவிடம் மெதுவாக, "மேஸ்திரி பின்னாடியே நிக்கிறாரு. கொறச்சு சொன்னா நாளைலேர்ந்து அதயேதான்டி குடுப்பாரு."

பெருக்கல்

மேற்பார்வையாளர் அந்தக் கூலியை மாதம் இருபத்தாறு நாளால், பிறகு பன்னிரண்டு மாதத்தால் பெருக்கினார். பிலோமினா கோட்டுக்கு மேலே போய்விட்டார். ஐப்பசியிலிருந்து தை வரை பாத்தியில் மழைத்தண்ணீர் நிற்கும், வேலையே கிடையாது என்றேன். அவர் கெட்டவர் இல்லை. படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். "எழுதலாம்பா. எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு நீயே காட்டு."

பூட்டு

பிலோமினா ஆட்சேபணை மனு கொடுத்தார். நேரில் விசாரிக்க எனக்கு உத்தரவு வந்தபோது நவம்பர். கல்லூரியில் சேர்க்கை முடிய ஒரு வாரம்தான். மழையில் நனைந்து போனால் வீடு பூட்டியிருந்தது. தாயும் மகளும் பாண்டிச்சேரியில் சித்தாள் வேலைக்குப் போயிருப்பதாக மல்லிகா சொன்னாள். அதை மனுவின் ஓரத்தில் எழுதி அனுப்பினேன். வீட்டில் ஆள் இல்லாததால் மனு முடிக்கப்பட்டது என்று திரும்பி வந்தது.

மாசியில், புது உப்புக்காகப் பாத்தித் தரையை மிதித்து இறுக்கிக்கொண்டிருந்த பிலோமினாவிடம் போய்ச் சொன்னேன். பக்கத்தில் ஸ்டெல்லாவும் மிதித்துக்கொண்டிருந்தாள். பிலோமினா காலை நிறுத்தவில்லை. "வேல செய்றப்ப வந்தீங்க, வசதின்னு எழுதிட்டீங்க. வேல தேடிப் போனப்ப வந்தீங்க, ஆளே இல்லன்னு எழுதிட்டீங்க. ஏழையா இருக்கறதுக்கு நாங்க எந்த மாசம் சார் லீவு போடறது?"

அந்த வருடம் எங்கள் பகுதியில் வறுமை குறைந்திருப்பதாக அறிக்கை போனது. குறைத்தவர்களில் நானும் ஒருவன்.