தட்டில் இல்லாத பழுப்பு

தெருவில் எல்லோருக்கும் அவள் சாயக்கா. பதின்மூன்று வருடமாக ஊரார் நரையை மறைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் விரல் நுனிக் கறை எந்த சோப்புக்கும் மசியாது. எதிரே வருகிறவரின் நெற்றியோரத்தைப் பார்த்தே, "போன மாசம் பதினெட்டாம் தேதி பூசினீங்களா?" என்று கேட்டு மானத்தை வாங்கிவிடுவாள். அவளைத் தூரத்தில் கண்டதும் தொப்பியைத் தேடுகிறவர்கள் உண்டு.

அவள் தம்பிக்கும் நிறப் பைத்தியம்தான், வேறு ரகம். அக்காவின் முடிச்சாயக் கடைக்குப் பின்னால் சாமான் அறையில் இரண்டு வருடம் குந்தியிருந்து, முள்ளும் எண்ணும் இல்லாத கைக்கடிகாரம் ஒன்றைச் செய்தான். நகம் அளவுக்கு ஒரு ஜன்னல். உள்ளே அவன் தீட்டிய தட்டு பன்னிரண்டு மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்றும். மூன்று மணிக்கு ஆரஞ்சு, நான்குக்குச் சிவப்பு, ஐந்துக்கு ஊதா; ஒன்று மெல்ல மற்றொன்றாகும். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

வாட்ச் கடைக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "இதை நம்பி ஒருத்தர் பொழைப்பு நடத்த முடியுமா?" என்றார்.

"நான் நடத்தறேன்," என்றாள் சாயக்கா, யாரும் கேட்காமலே.

பேச்சு இதுதான்: ஒரு மாதம் வேறு கடிகாரம் பார்க்கக் கூடாது. நேரம் தப்பி ஒரு தலைகூடக் கெடாவிட்டால் கடைக்காரம்மா ஐம்பது கடிகாரம் எடுத்துக்கொள்வார். கெட்டால் தம்பி திங்கட்கிழமை முதல் லாரிகளுக்கு நம்பர் எழுதப் போவான். சுவர்க் கடிகாரம் பரணுக்குப் போனது, செல்போன் டிராயருக்கு.

இருபத்தொன்பது நாள் பிசகில்லை. முப்பதாம் நாள் அவள் மாமா வந்து உட்கார்ந்தார். ஓட்டுநர் உரிமத்துக்குப் படம் எடுக்கவேண்டுமாம்.

"லேசான பழுப்பு போதும்மா. பத்து வருஷம் அந்தப் படத்தோட குடும்பம் நடத்தணும்."

"தலையை ஆட்டாதீங்க மாமா. இப்ப ஆரஞ்சு. பாதி செவந்ததும் கழுவிடலாம்."

பூசி முடிப்பதற்குள் மாமா குறட்டை விட்டார். சாயக்கா கிண்ணம் கழுவினாள், துண்டு மடித்தாள், மணிக்கட்டைப் பார்த்தாள். ஆரஞ்சு. ஒரு பெண்ணுக்கு முன்முடி வெட்டி அனுப்பிவிட்டுப் பார்த்தாள். இன்னும் ஆரஞ்சுதான். 'இன்னிக்கு நேரம் ஆமை வேகத்துல போகுதே' என்று நினைத்தபடி தரையைப் பெருக்கினாள்.

மூன்றாம் முறை பார்த்தபோது பழுப்பு.

துடைப்பம் அப்படியே நின்றது. தட்டின் ஒவ்வொரு சாயலும் அவளுக்கு இப்போது மனப்பாடம். பழுப்பு மட்டும் அதில் கிடையவே கிடையாது. கட்டைவிரலால் தொட்டாள், பிசுபிசுத்தது. பூசும்போது ஜன்னல்மேல் தெறித்த சாயச் சொட்டு, காற்றுப் பட்டு ஆரஞ்சாகி, இப்போது பழுத்திருந்தது. பஞ்சால் துடைத்தாள். உள்ளே, ஊதாவை எட்டிப் பார்க்கும் சிவப்பு. நாலேகால்!

"ஐயோ மாமா, எந்திரிங்க!"

கழுவியதும் தெரிந்தது கறுப்பு. சாதாரணக் கறுப்பல்ல, புது டயர்க் கறுப்பு. அதே நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு கடைக்காரம்மா வந்தார். பின்னாலேயே தம்பி, நகத்தைக் கடித்தபடி.

"கடைசி நாள் எப்படிப் போச்சு?"

தம்பி மாமாவின் தலையைப் பார்த்து வெளிறிப்போனான்.

"நான்தான் கறுப்பு கேட்டேன்," என்றார் மாமா, வாய் கூசாமல்.

அந்தப் பொய்க்காக அவர் கன்னத்தைக் கிள்ளலாம்போல இருந்தது சாயக்காவுக்கு. ஆனாலும், "இல்லைங்க, முக்கால் மணி நேரம் கூடுதலா ஊறிப்போச்சு," என்று நடந்ததைச் சொல்லிவிட்டாள்.

"ரெண்டு தடவை ஏமாந்தீங்க. அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பழுப்புன்னு ஒரு நேரமே கிடையாதே! உடனே தொட்டுப் பாத்தேன்."

கடைக்காரம்மா சாயக்காவின் மணிக்கட்டைத் திருப்பி அந்தச் சின்ன ஜன்னலைப் பார்த்தார். "என் வாட்ச்ல முள்ளு நின்னுபோனா அரை நாளைக்கு எனக்குத் தெரியாது. நீங்க ஒரே பார்வையில பொய்யைப் பிடிச்சிருக்கீங்க." தம்பி பக்கம் திரும்பினார். "ஒரு தலை கெட்டுடுச்சு, அதனால ஐம்பது கிடையாது. இருபத்தஞ்சு. முதல் வாட்ச் எனக்கு."

தம்பி அக்காவின் கையைப் பிடித்து, ஜன்னலில் ஒட்டியிருந்த மிச்சக் கறையைச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தான். கண்ணையும் அதே நுனியால் துடைத்துக்கொண்டதை எல்லோரும் கவனிக்காத மாதிரி இருந்தார்கள்.

மாமா கண்ணாடி முன் நின்று, புது டயருக்குக் கீழே பஞ்சு மாதிரி இருந்த வெள்ளை மீசையைத் தடவிப் பார்த்தார்.

"இதையும் கறுப்பாக்கிடும்மா, சீக்கிரம். ஊதா முத்தினா போட்டோக் கடையை மூடிடுவான்."